தங்கச்சிக்குக் கிடைத்த டாக்டர்: மாரண்டஹள்ளிக்கு மூன்று நாள்

இந்தத் தளத்தில் நான் வழக்கமாக எழுதுவது மலை, அருவி, கோயில். மாரண்டஹள்ளிக்கு ஊர் சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை, நானும் அதற்காகப் போகவில்லை. என் தங்கச்சி செல்விக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நடந்தபோது ஆபீஸில் ஆடிட் என்று போகவில்லை. ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள். சொந்தக்காரர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சென்னையிலிருந்து தர்மபுரிப் பக்கம் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இடையிடையே கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அதே ஆபரேஷன் எட்டு மாதத்துக்கு முன்னால் சென்னையில் நடந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது, செல்விக்கு நாற்பத்து மூன்று.

சென்னை சென்ட்ரலில் காலை ஆறரை மணிக்கு ரயில். பொம்மிடி வரை கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் ஆனது. எல்லா ரயிலும் பொம்மிடியில் நிற்காது, முன்பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தர்மபுரி பஸ். அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தர்மபுரியில் ஓசூர் போகும் பஸ் பிடித்தால் பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளியில் இறக்கிவிடுவார்கள். அதுவும் ஒரு மணி நேரம் ஆகும். பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சுற்று எதுவும் இல்லை. ஓசூர் வழியாக வரும் பாசஞ்சர் ரயிலே மாரண்டஹள்ளியில் நிற்கிறது.

பாலக்கோட்டில் பஸ் கால் மணி நேரம் நின்றது. தக்காளி மண்டிக்குப் போகும் டிராக்டர்கள் வரிசையாக நின்று வழியை அடைத்திருந்தன. எனக்கு அங்கேயே வேர்க்க ஆரம்பித்தது. வெயிலால் இல்லை. ஏழெட்டு மாதமாகவே இப்படித்தான். நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஒரு சூடு ஏறும், முகம் எரியும், ஜாக்கெட் நனைந்துவிடும், அப்புறம் தானாக அடங்கும். ராத்திரி தூக்கம் கெட்டுப்போய், ஆபீஸில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "தண்ணி குடிங்க. உடம்பு சரியில்லீங்களா?" என்று பாட்டிலை நீட்டினார். ஒன்றுமில்லை என்றேன்.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் செல்வியின் வீட்டுக்காரர் முருகேசன் பைக்கோடு நின்றிருந்தார். தக்காளியும் பீன்ஸும் போடுகிறவர். "வாங்க்கா. பஸ்ல சீட் கெடச்சுதுங்களா?" என்று பையை வாங்கிக்கொண்டார். வீடு ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர்.

செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். ஆறு வாரத்துக்கு முன்னால் வயிற்றைக் கிழித்துத் தைத்தவள் மாதிரியே இல்லை. முகம் தெளிந்திருந்தது. எட்டு மாதமாக நான் கண்ணாடியில் பார்க்கும் முகத்தைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் எனக்குத் தோன்றியது அதுதான்.

"மொதல்ல வூட்டுக்குள்ள வாக்கா. களி கிண்டி வச்சிருக்கேன்."

"நீயா கிண்டினே?"

"அவருதான் கிண்டுனாரு. மூணு மாசத்துக்கு நான் கனம் தூக்கக் கூடாது, களி கிண்டக் கூடாதுன்னு டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு வச்சு சொல்லிட்டாங்க. தண்ணிக் குடத்தைக்கூடத் தொட விடறதில்ல."

அந்தச் சாயங்காலம் முழுக்க டாக்டரம்மா புராணம்தான். செல்விக்கு ஆபரேஷன் நடந்தது ஒரு அரசு ஆஸ்பத்திரியில், மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. படித்துவிட்டு இங்கிருந்து கிளம்பிப் போய் அந்த அம்மாவின் வரிசையை நீளமாக்கிவிடுவீர்கள். வார்டில் இருபது கட்டில். கொசு. இரண்டு பாத்ரூமில் ஒன்று பூட்டியிருக்கும். மின்விசிறி செல்வியின் கட்டிலுக்கு எட்டாது. இதையெல்லாம் அவளே சொன்னாள், ஆனால் எரிச்சலே இல்லாமல், ஏதோ திருவிழாவுக்குப் போய் வந்தவள் நெரிசலைச் சொல்வது மாதிரி.

"ஒரு நாள் நாலு மணி நேரம் உக்காந்திருந்தோம்க்கா. ஆனா நர்ஸம்மா வெளிய வந்து, அவசரப் பிரசவம் ஒண்ணு வந்திருச்சு, டாக்டர் வர ரெண்டு மணிக்கு மேல ஆகும், எல்லாரும் போய் சாப்பிட்டுட்டு வாங்க, யார் டோக்கனும் போகாதுன்னு சொல்லிட்டாங்க. நாங்க போய் புரோட்டா தின்னுட்டு வந்தோம்."

சென்னையில் நான் இருந்தது தனி அறை. ஏசி, டிவி, சாப்பாட்டுக்குப் படம் போட்ட மெனு கார்டு. அங்கேயும் ஒரு நாள் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். பெரிய சோபா, மெல்லிய பாட்டு. டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டபோதெல்லாம் வரவேற்பில் இருந்த பெண் "ஜஸ்ட் டென் மினிட்ஸ் மேம்" என்று சிரித்தாள். டிஸ்சார்ஜ் அன்று ஒரு டேப்லெட்டை நீட்டி, சேவை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். இட்லி சூடாக இருந்தது, படுக்கை சுத்தமாக இருந்தது, அந்தப் பெண்ணும் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டு வந்தேன். செல்வியிடம் யாரும் நட்சத்திரம் கேட்கவில்லை. அவளாகத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கர்ப்பப்பைல இருந்த கட்டி எவ்வளவு பெருசுன்னு அவங்க எப்படி சொன்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். "என்ன வெள்ளாமைன்னு கேட்டாங்க. தக்காளின்னேன். அப்ப சரி, நாட்டுத் தக்காளி சைஸ்ல ரெண்டு இருக்கு, ஆப்பிள் தக்காளி சைஸ்ல ஒண்ணு இருக்கு, அதான் இவ்வளவு ரத்தம் போகுதுன்னாங்க. ஓபி சீட்டுக்குப் பின்னாடி படம் வரைஞ்சு காட்டினாங்க. கர்ப்பப்பையும் அதோட வாயும் எடுப்பாங்களாம். பக்கத்துல ரெண்டு சினைப்பை இருக்குது, அது நல்லா இருந்தா வச்சுருவாங்களாம். இல்லைன்னா எடுக்கணும், எடுத்தா இன்னின்ன ஆகும். அதுக்கு நீ சம்மதமான்னு என்னைக் கேட்டாங்கக்கா. அவரைக் கேக்கல. என்னை."

"சரி சரி, களி ஆறுது" என்றேன்.

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சின்ன வயதில் அவளுக்குப் புதுப் பாவாடை எடுத்தால் எனக்கு இப்படித்தான் குரல் மாறிவிடும். பிறகு நான் படித்து, சென்னைக்குப் போய், வேலை, பிளாட் என்று ஆனபின் அந்தக் குணமே போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை, வெளியே வரத் தேவை இல்லாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். யாராவது ஒரு நாட்டுத் தக்காளியை எடுத்து எனக்குள் இருந்ததை விளக்கியிருந்தால் நான் என்ன கொடுத்திருக்க மாட்டேன்!

மறுநாள் சனிக்கிழமை செல்விக்கு ஆறாவது வாரச் செக்கப். ஏழரை மணிக்குக் கிளம்பினோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் சீட்டு மட்டும் கிழித்துத் தருவார், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓபி எட்டு மணிக்குத் திறக்கும். ஏழே முக்காலுக்குள் போனால் உட்கார பெஞ்ச் கிடைக்கும். நாங்கள் போனது எட்டரைக்கு, நின்றோம். கைக்குழந்தைகள், மாசமான பெண்கள், கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு மாமியாரும் மருமகளும். தண்ணீரும் ஒரு கைவிசிறியும் கொண்டுபோவது நல்லது.

பத்தே காலுக்கு நர்ஸ் எட்டிப் பார்த்து, "செல்வி, மாரண்டஹள்ளி" என்றார். நானும் கூடவே போனேன்.

டாக்டரம்மாவை நான் வேறு மாதிரி கற்பனை செய்திருந்தேன். நாற்பது வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கருவளையம். மேஜையில் பாதி குடித்து ஆறிப்போன டீ. சிரிக்கக்கூட இல்லை. செல்வி உட்காரும் முன்பே, "எடது பக்கம் தையல் இழுக்குதுன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

கேஸ் சீட்டை அவர் இன்னும் திறந்திருக்கவில்லை. என் சர்ஜனிடம் நான் செக்கப்புக்குப் போனபோது அவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே "எனி கம்ப்ளெயின்ட்ஸ்? நோ? குட்" என்றது ஞாபகம் வந்தது. டாக்டரம்மா செல்வியைப் படுக்க வைத்து, தையலைத் தொட்டுப் பார்த்து, "இது ஆறிடுச்சு. ஆனா யாரோ குனிஞ்சு துணி துவைச்சிருக்காங்க போலயே?" என்று அதட்டினார். செல்வி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அந்த அதட்டல் மேல்கூடப் பொறாமை வந்தது.

"இவங்க யாரு?"

"எங்கக்காங்க. மெட்ராஸ். அவளுக்கும் இதே ஆபரேஷன்தாங்க, எட்டு மாசம் ஆச்சு. பெரிய ஆஸ்பத்திரி. ஆனா ராத்திரில தூங்க மாட்டேங்கறா. நேத்து மூணு தடவ எந்திரிச்சு வெளிய போய் நின்னா. திடீர் திடீர்னு வேர்த்துக் கொட்டுதுங்க." நான் சொல்லாததை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு சினைப்பை ரெண்டும் இருக்குதுங்களா, எடுத்துட்டாங்களா?"

எனக்குத் தெரியவில்லை.

நான் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். பேனா வாங்கியதற்குக்கூட விவரம் கேட்பேன். என் உடம்புக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. "கர்ப்பப்பை எடுத்தாங்க... சக்சஸ்னு சொன்னாங்க" என்றேன். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கம் இருந்தது.

"போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்க. அதுக்குள்ள நான் ரெண்டு பேரைப் பாத்துடறேன்" என்றார் டாக்டரம்மா.

வராண்டாவுக்கு வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். டிஸ்சார்ஜ் பைல் பீரோவில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதற்காகத்தான். கேள்வியை முடிக்கும் முன்பே அவர், "ரெண்டையும் எடுத்துட்டாங்க. அதுல கட்டி இருந்துச்சாம். டாக்டர் பாதி ஆபரேஷன்ல வெளிய வந்து எங்கிட்ட சொன்னாரே. நான்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாம் நல்லபடியா ஆயிடுச்சு. டாக்டர் உங்கிட்டயும் சொல்லியிருப்பார்னு விட்டுட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் நாற்காலியிலேயே தூங்கியவர். நான் கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கன்னடத்து மாமியார் எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்து அழுதேன். எடுத்ததற்காக இல்லை. என் வயிற்றில் நடந்தது வீட்டில் ஒருவருக்கு, ஆஸ்பத்திரியில் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கிறது, எட்டு மாதமாக எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

திரும்ப உள்ளே போனபோது டாக்டரம்மா ஸ்டூலைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டார். சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நிற்பதால் வருவதெல்லாம் ஒரேயடியாக வரும் என்றார். அந்தச் சூடு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் அதனால்தானாம். "நீங்க கோவக்காரியா மாறிடலைங்க. உடம்பு மாறியிருக்கு" என்றார். எலும்பு பலவீனமாகலாம், சுண்ணாம்புச் சத்து மாத்திரை வேண்டும், நடக்க வேண்டும். சூட்டுக்கு மாத்திரை இருக்கிறது, ஆனால் எடுத்த கட்டி என்ன வகை என்று தெரியாமல் தான் எழுதித் தர மாட்டேன் என்றார்.

"தப்பா எடுத்துட்டாங்களா டாக்டர்?"

"நான் எப்படிங்க சொல்றது? காரணத்தோடதான் எடுத்திருப்பாங்க. அந்தக் காரணத்தை நீங்க போய் அவங்ககிட்ட கேட்டு வாங்கணும். நான் சொன்னா அது யூகம்தான்."

வெளியே அவ்வளவு கூட்டம் நிற்க, அவர் ஒரு தடவைகூடக் கதவைப் பார்க்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நன்றி இருந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் இருந்தது. இந்த அம்மா செல்வியின் டாக்டர். நான் இவரை அவளிடமிருந்து கொஞ்ச நேரம் கடன் வாங்கி உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

திரும்பும்போது பாலக்கோட்டில் பஸ் மாற வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் இளநீர் வாங்கிக் கொடுத்தாள் செல்வி. நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "உனக்கு எல்லாமே தானா கெடச்சிடுது" என்றேன்.

அவள் சட்டென்று கோபப்பட மாட்டாள். அன்று கோபப்பட்டாள்.

"எனக்காக்கா? வருசக்கணக்கா ரத்தம் ஒழுக ஒழுக கூடை தூக்கியிருக்கேன். துணிய மாத்தக்கூட எடமில்லாம காட்டுக்குள்ள நின்னிருக்கேன். ரெண்டு மூணு டாக்டர்கிட்ட போனேன். ஒருத்தர் வயசானா நின்னுரும்னாரு. ஒருத்தர் தலையத் தூக்கிக்கூடப் பாக்காம ஊசி போட்டு அனுப்பினாரு. உங்கிட்ட போன்ல சொன்னா, சத்து மாத்திர சாப்பிடுன்னே. இந்தம்மாதான் எத்தன நாளா இப்படின்னு மொதமொதல்ல கேட்டாங்க. நான் ஊரெல்லாம் பெருமை பேசறேன்னா, பின்ன அதுக்கு முன்னாடி பட்டதும் அவ்வளவு."

ஓசூர் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் என் நெஞ்சில் மறுபடி சூடு ஏறியது. செல்வி எதுவும் கேட்காமல் ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டு, தன் முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டே வந்தாள். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் அது அவள்மேல் இருந்து நகர்ந்து, என்னிடம் சொல்லாமல் விட்டவர்கள்மேல் ஆத்திரமாகப் போய் உட்கார்ந்தது.

ஞாயிறு மதியம் பொம்மிடியில் ரயில் ஏறினேன். முருகேசன் கட்டிக் கொடுத்த ஒரு பை தக்காளி பாதி வழியிலேயே நசுங்கியது. பயணத்துக்குக் காய்த் தக்காளியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பழமாக வேண்டாம்.

சென்னையில் அடுத்த வாரமே என் சர்ஜனைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். டாக்டர் வழக்கம்போல் திரையைப் பார்த்து ஆரம்பித்தார். "எனக்கு எதை எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்கன்னு எங்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"சார்கிட்ட அப்பவே சொல்லிட்டேனே?"

"எங்கிட்ட சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். திரையை என் பக்கமாகத் திருப்பினார். இரண்டு சினைப்பையிலும் கட்டி குடலோடு ஒட்டியிருந்தது, விட்டிருந்தால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும், பரிசோதனையில் புற்று எதுவும் இல்லை, அதனால் மாத்திரை தரலாம் என்று நிதானமாகச் சொன்னார். நன்றாகவே சொன்னார். அவருக்குச் சொல்லத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். அதை நினைக்கும்போதுதான் வயிறு இன்னும் எரிகிறது. இப்போது மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம். ராத்திரிக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன்.

இனி போகிறவர்களுக்கு. தர்மபுரிப் பக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், சனிக்கிழமை கூட்டம் அதிகம். கூடத் துணைக்கு ஒருவர் போதும். ஆவணியில் சாயங்காலக் காற்று சில்லென்று இருக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டில், ஏசி, இட்லி எல்லாம் முக்கியம்தான், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது உங்களிடம் நட்சத்திரம் கேட்டால், அழுத்துவதற்கு முன்னால் உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்று உங்களால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

துணைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. டாக்டர் வெளியே வந்து உங்களிடம் எதைச் சொன்னாலும், உள்ளே படுத்திருப்பவர் மயக்கம் தெளிந்து எழுந்து உட்கார்ந்ததும் அதை அப்படியே அவரிடம் சொல்லிவிடுங்கள். பயப்படுவார்தான். பயப்படட்டும். அது அவர் உடம்பு.